ஒன்பதாம் நம்பர் நாற்காலி

விமலன் அந்தச் சோபாவை ரெண்டாவது தடவை பார்த்தது படிக்கட்டுல.

அரைமணி நேரத்துக்கு முன்னாலதான் அதுல உட்கார்ந்து எந்திரிச்சுப் போயிருந்தான். செகப்புப் பூப் போட்ட சோபா, கைப்பிடியில வெள்ளைப் பின்னல் துணி. இப்ப அது மூணாவது மாடியிலருந்து நாலாவது மாடிக்குத் திரும்புற முனையில நட்டுக்குத்தலா நின்னுக்கிட்டு இருக்கு. ரெண்டு பங்களாதேஷ் பசங்க மூச்சு வாங்கப் பிடிச்சிருக்கானுங்க. மேல்படியில முக்காடு போட்ட ஒரு வயசான அம்மா நின்னுக்கிட்டு, "பெலான் பெலான்! மெதுவாடா, செவுத்துல இடிக்குது பாரு. ஆண்டவனே, இறக்கும்போது நல்லாத்தானேடா இறக்கினீங்க?"ன்னு கத்துறாங்க.

மேரு ரோட்டுப் பக்கம் இருக்கிற பழைய பிளாட் அது. லிப்ட் எப்ப வேலை செஞ்சுதுன்னு அங்க இருக்கிறவங்களுக்கே ஞாபகம் இல்ல. விமலன் திரும்பி வந்ததுக்குக் காரணம் ஒரு கையெழுத்து. கீழ ஒட்டுக்கடையில தே குடிச்சுக்கிட்டே ஃபாரத்தைப் புரட்டுனப்பதான் கடைசிப் பக்கத்துல மூணாவது மாடித் தனலெட்சுமி கையெழுத்துப் போடலைன்னு பார்த்தான்.

"தம்பி, சும்மாதானே நிக்கிறீங்க? ஒரு கை கொடுங்க"ன்னாங்க அந்த அம்மா.

கொடுத்தான். ஃபாரத்தைச் சட்டைக்குள்ள சொருகிக்கிட்டு சோபாவோட அடிப்பக்கத்தைத் தாங்கிப் பிடிச்சான். நாலு படி ஏறுனதும் மூச்சு வாங்க, "ஆன்டி, யாரோட சோபா இது?"ன்னு கேட்டான்.

"என்னோடதுதான். கீழ் வீட்டுப் பொண்ணு இருக்கே, பாவம், கிட்னி போன பொண்ணு. யாரோ ஆபீஸ்லருந்து பெரிய மனுசன் பார்க்க வர்றாராம். வெறுந்தரையிலயா உட்கார வைக்கிறது? அதான் காத்தாடி, தட்டு, கிளாஸ் எல்லாம் காலையில இறக்கிக் கொடுத்தேன். வந்தாரு, முறுக்கு தின்னாரு, போயிட்டாரு."

விமலன் சோபாவை இன்னும் கொஞ்சம் மேல தூக்கினான். நாலு முறுக்கு தின்னிருந்தான்.

அந்த நேரம் பார்த்து தனலெட்சுமி ரெண்டு குஷனைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, "காத்தூன் அக்கா, இதை விட்டுட்டீங்க"ன்னு சொல்லிக்கிட்டே வீட்டுக்குள்ளருந்து வெளிய வந்தாங்க. வந்தவங்க படியில சோபாவைத் தூக்கிக்கிட்டு நிக்கிற ஆளைப் பார்த்தாங்க. அப்படியே நின்னுட்டாங்க.

"அக்கா, ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு"ன்னான் விமலன். சோபாவுக்கு அடியிலருந்து சொன்னதால குரல் நசுங்கி வந்துச்சு.

காத்தூன் பீவி அவனையும் அவங்களையும் மாறி மாறிப் பார்த்துட்டு, "யா அல்லா"ன்னாங்க, மெதுவா.

விமலன் வேலை இதுதான். கிள்ளான்ல ஒரு கடை வரிசைக்கு மேல, காசு வாங்காம ரத்தம் கழுவி விடுற டயாலிசிஸ் சென்டர் ஒண்ணு இருக்கு. பன்னெண்டு நாற்காலி. காலையில ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம். ஆளுக்கு வாரத்துக்கு மூணு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம். ஒரு நாற்காலி காலியாகணும்னா ஒருத்தர் கிட்னி மாத்திக்கணும், இல்ல சாகணும். கிட்னி மாத்துன ஆளு இத்தனை வருசத்துல ரெண்டே பேரு. போன வாரம் ஒன்பதாம் நம்பர் நாற்காலியில படுக்குற சபாபதி ஐயா போயிட்டாரு. அந்த ஒரு இடத்துக்கு அஞ்சு பேர் காத்திருக்காங்க. விமலன் அந்த அஞ்சு வீட்டுக்கும் போய்ப் பார்த்து, ஃபாரத்துல மார்க் போட்டுக் கொடுக்கணும். வயசுக்கு இத்தனை, நம்பியிருக்கிற ஆளுங்களுக்கு இத்தனை, குடும்பத் துணை இல்லாததுக்கு இத்தனை, வீட்டு நிலைக்கு இருபது. வீட்டுல எவ்வளவு இல்லையோ அவ்வளவு மார்க். மொத்த மார்க் யாருக்குக் கூடவோ அவங்களுக்கு நாற்காலி.

முதல்ல அங்க வேன் ஓட்டிக்கிட்டு இருந்தான். ஆளுங்ககிட்ட நல்லாப் பேசுறான்னு இந்த வேலையைக் கொடுத்தாங்க. பதினோரு வருசம் ஆச்சு. சொந்த ஊரு சுங்கை சிப்புட். கிள்ளான்ல ஒரு டயர் கடைக்கு மேல ரூம் எடுத்துத் தனியா இருக்கான். ஒரு பாயி, ஒரு ரைஸ் குக்கர், ஒரு ஆணியில மூணு சட்டை. அந்த ரூமுக்கு மார்க் போட்டா இருபதுக்கு இருபது வரும்னு நர்சுங்க கேலி பண்ணுவாங்க.

தனலெட்சுமிக்கு வீட்டு நிலைக்கு ஏழு போட்டிருந்தான். சோபா இருக்கு, காத்தாடி இருக்கு, நல்ல கண்ணாடி கிளாஸ்ல ஹன்ட்ரட் பிளஸ் ஊத்திக் கொடுக்கிறாங்க. ஏழுதான் நியாயம்.

சோபா மேல போய்ச் சேர்ந்ததும் அவன் கீழ இறங்கி வந்தான். தனலெட்சுமி வாசல்ல நின்னாங்க. அம்பத்தோரு வயசு. கை கால் வீங்கி, முகம் மஞ்சளா, இடது கையில ஊசி போடுற இடம் முடிச்சு முடிச்சா.

"தம்பி, அதை எழுதிடாதீங்க."

"எதைக்கா?"

"அந்தச் சோபா என்னோடது இல்லைன்னு. கையெழுத்துதானே, கொடுங்க போடுறேன். நாளைக்கு ஆபீஸ்ல நாலு பேரு உட்கார்ந்து படிச்சுச் சிரிக்கப் போறாங்க. இரவல் சோபாவுல உட்கார வச்சா பாருன்னு."

"அக்கா, எழுதுனாத்தான் உங்களுக்கு மார்க்."

"என்ன?"

"வீட்டுல சாமான் இல்லைன்னாத்தான் மார்க் கூட. இருந்தா குறையும்."

ஃபாரத்தையும் அவனையும் பார்த்தாங்க. அப்புறம் சிரிச்சாங்க. சிரிப்பு பாதியில இருமலா மாறிடுச்சு. "இது என்ன பரீட்சை தம்பி? ஒண்ணும் இல்லாதவளுக்குத்தான் பாசா? முன்னாடியே சொல்லியிருந்தா அந்தக் காத்தூன் அக்கா இடுப்பையாவது காப்பாத்தியிருக்கலாம்லா. காலையிலருந்து ஏறி இறங்குறாங்க."

"முன்னாடியே சொல்லக்கூடாதுக்கா. சொன்னா எல்லாரும் சாமானை ஒளிச்சு வச்சுடுவாங்கன்னு ரூல்ஸ்."

"ஒளிச்சு வைக்கிறதா? வீட்டுக்கு ஆள் வர்றாங்கன்னா இருக்கிறதை ஒளிப்பாங்களா, இல்லாததை ஒளிப்பாங்களா? யாரு தம்பி இந்த ரூல்ஸ் எழுதினது?"

அவன் ஃபாரத்தை நீட்டினான். அவங்க ஃபாரத்தை வாங்குனாங்க. பேனாவைத் திறந்தாங்க. கையெழுத்துப் போடாம நின்னாங்க. கீழ யாரோ மோட்டார் பைக்கை உதைச்சு உதைச்சுப் பார்க்கிற சத்தம். கடைசியில பேனாவை மூடிட்டு, "வாங்க உள்ள"ன்னாங்க.

ஹால்ல ஒண்ணும் இல்ல. தரையில அலமாரி நின்ன இடம் மட்டும் வெளுப்பா நீளச் சதுரமா தெரிஞ்சுது. டிவி இருந்த இடத்துல ஆணி. அறையில ஒரே மெத்தை, பள்ளிக்கூடம் போற மகளோட புத்தகம் அது மேலயே அடுக்கியிருக்கு. அடுப்படியில ஒத்தை அடுப்பு. வாரத்துக்கு மூணு தடவை கழுவ வேண்டிய ரத்தத்தை ரெண்டு தடவைதான் கழுவுறாங்க, காசு வாங்குற ஒரு சென்டர்ல. அதுக்குத்தான் ஒவ்வொண்ணா போயிருக்கு. போன மாசம் பிரிட்ஜ். அதுக்கப்புறம் ஐஸ்கட்டியைக் காத்தூன் பீவி வீட்டுலருந்து வாங்கிக்கிறாங்க. தண்ணி குடிக்கக் கூடாத உடம்பு. தாகம் எடுத்தா ஒரு ஐஸ்கட்டியை வாயில போட்டுக்குவாங்க.

"இந்தக் கதவையும் திறந்து பாருங்க"ன்னு குளியலறையைக் காட்டினாங்க. "எழுதுங்க. எல்லாத்தையும் எழுதுங்க." குரல்ல கோவம் இல்ல. டாக்டர் முன்னால சட்டைப் பட்டனைக் கழட்டுற மாதிரி ஒரு குரல்.

அவன் எழுதினான். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாங்க.

மோட்டார்ல திரும்பிப் போகும்போது விமலனுக்கு வேற நெனப்பு வந்துடுச்சு. பதினோரு வருசத்துல எத்தனை சோபா? காப்பார்ல ஒருத்தர், மரவேலை செஞ்ச மனுசன், இவன் வர்றான்னு நண்டுக்கறி ஆக்கிப் போட்டாரு. வேணாம்னாலும் விடல. சாப்பிட்டு வந்து, 'உணவு வசதி நன்று'ன்னு எழுதினான். மார்க் பத்தலை. அந்த மனுசன் நாலு மாசம்தான் இருந்தாரு. நண்டை யார்கிட்ட கடன் சொல்லி வாங்கினாரோ.

சிக்னல்ல பச்சை விழுந்தும் நின்னான். பின்னால ஒரு லோரி ஹாரன் அடிச்ச பிறகுதான் நகர்ந்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனான். சென்டரோட கமிட்டியில மூணு பேரு. முடிவு பண்றது டாக்டர் உஷாராணி மட்டும்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில முப்பது வருசம் இருந்து ரிட்டயர் ஆனவங்க. பூக்கடைக்குப் பின்னால சின்னக் கிளினிக். மல்லிகை வாசமும் டெட்டால் வாசமும் கலந்து அடிக்கும்.

"டாக்டர், தனலெட்சுமி மார்க்கை மாத்தணும். ஏழு இல்ல, பதினெட்டு."

சோபா கதையைச் சொன்னான். டாக்டர் கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாங்க.

"நீங்களே தூக்கினீங்களா?"

"ஆமா டாக்டர்."

"கனமா?"

"கனம்தான்."

டாக்டர் உதட்டுல லேசா சிரிப்பு வந்து போச்சு. அப்புறம், "மாத்த முடியாது விமலன்"ன்னாங்க.

"டாக்டர், உண்மை அதுதான்."

"உண்மைதான். யாரு இல்லைன்னா? பன்னெண்டு வருசத்துக்கு முன்னால அந்த சென்டர் எப்படி இருந்துச்சு தெரியுமா? கோயில் தலைவர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வந்தவனுக்கு நாற்காலி. கட்சிக்காரன் போன் பண்ணினா நாற்காலி. நான் ஒருத்தி நின்னு சண்டை போட்டு இந்த ஃபாரத்தைக் கொண்டு வந்தேன். யாரு மூஞ்சியையும் பார்க்காம, எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே மார்க். இப்ப நீங்க வந்து என்ன சொல்றீங்க? அந்த அக்காவைப் பார்த்தேன், மனசு கேட்கல, மாத்துங்கன்னு. லெட்டர் கொண்டு வந்தவனும் அதைத்தான் சொன்னான்."

விமலனுக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

"இன்னும் கேளுங்க. இந்த ஒரு வீட்டை நீங்க பின்வாசல் வழியா பார்த்துட்டீங்க. மத்த நாலு வீட்டையும் முன்வாசல் வழியாத்தான் பார்த்தீங்க. ரெண்டையும் ஒரே தராசுல எப்படி வைக்கிறது?"

"அப்ப அந்த நாலு வீட்டையும் பின்வாசல் வழியா பார்த்துட்டு வரேன்."

யோசிக்காம வாயில வந்துடுச்சு. டாக்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு அவனைப் பார்த்தாங்க.

"எப்ப?"

"நாளைக்கும் நாளான்னைக்கும். சொல்லாம போறேன்."

"செவ்வாய்க்கிழமை காலையில அந்த நாற்காலியில ஆள் இருக்கணும். அது காலியா கிடக்கிற ஒவ்வொரு நாளும் இந்த அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு நஷ்டம். அப்புறம் இன்னொண்ணு. பார்த்துட்டு வந்தா, என்ன வருதோ அதுதான். பிடிக்கலைன்னு என்கிட்ட மறுபடியும் வரக்கூடாது."

"சரி டாக்டர்."

"பசியாறுனீங்களா?"

"சாயங்காலம் ஆயிடுச்சு டாக்டர்."

"நான் காலையில உள்ளதைத்தான் கேட்டேன். மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது."

ரயில்ல உட்கார இடம் கிடைக்கல. நின்னுக்கிட்டே கணக்குப் போட்டான். தனலெட்சுமிக்கு இப்ப எழுபத்தொண்ணு. முதல் இடத்துல இருந்த குருவுக்கு அறுபத்தி நாலு. மத்தவங்களுக்குக் கொஞ்சம் கூடினாலும் எழுபத்தொண்ணைத் தாண்டாது. நிம்மதியா இருந்துச்சு. அந்த நிம்மதி தப்புன்னு அவனுக்கே தோணுச்சு, ஆனாலும் இருந்துச்சு.

சனிக்கிழமை காலையில முதல்ல பண்டமாரான், குரு வீடு. குருவுக்கு முப்பத்தாறு வயசு, லோரி டிரைவர், ரெண்டு சின்னப் புள்ளைங்க. முதல் தடவை போனப்ப எப்படி இருந்துச்சோ இப்பவும் அப்படியேதான் இருந்துச்சு. அதே கிழிஞ்ச மெத்தை, அதே பழைய டிவி, குழம்புச் சட்டி அதே இடத்துல. கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல. இருக்கிறதை இருக்கிறபடி காட்டின ஒரே ஆளு அவன்தான்.

"என்னண்ணே, திடீர்னு? எனக்குத்தான்னு சொன்னீங்களே. செவ்வாய்க்கிழமைக்கு முதலாளிகிட்ட லீவு கேட்டுட்டேன்லா."

உங்களுக்குத்தான்னு விமலன் சொல்லல. புதன்கிழமை கிளம்பும்போது, அந்தச் சின்னப் புள்ள காலைக் கட்டிக்கிச்சேன்னு, "கவலைப்படாதீங்க குரு, உங்க மார்க் நல்லா இருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொன்னான். பதினோரு வருசத்துல யார்கிட்டயும் சொன்னதில்ல. ஒரே ஒரு தடவை.

"எல்லா வீட்டையும் ரெண்டாவது தடவை பார்க்கிறோம் குரு. புது முறை."

"பாருங்கண்ணே. எங்க வீட்டுல என்ன மாறப் போகுது?"

ஒண்ணும் மாறல. அறுபத்தி நாலு, அறுபத்தி நாலாவே நின்னுச்சு.

அடுத்த ரெண்டு வீட்டுலயும் கதை ஒண்ணுதான். ஒரு வீட்டுல போன தடவை பார்த்த புது டிவி தம்பி வீட்டு டிவியாம். ஒயரு மட்டும் தொங்குது. இன்னொரு வீட்டுல போன தடவை அஞ்சு கிலோ அரிசி மூட்டை நாலு அடுக்கியிருந்துச்சு, இப்ப ஒண்ணும் காணோம். கேட்டதுக்கு அந்தாளு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "கடைக்காரர் ஒரு நாளைக்குக் கொடுத்தாருண்ணே, பிரிக்காம திருப்பிக் கொடுத்துட்டேன்"னாரு. ரெண்டு பேருக்கும் மார்க் ஏறுச்சு. ஆனா குருவோட அறுபத்தி நாலைக்கூட எட்டல.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடைசி வீடு. ஜெஞ்சாரோம். வழியெல்லாம் செம்பனைத் தோட்டம், நல்ல மழை. மழைச் சட்டைக்குள்ள ஃபாரம் நனையாம நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓட்டிப் போனான். மாரியாயி, அறுபத்தி மூணு வயசு. அஞ்சு பேர்லயும் கடைசி. மொத்தம் முப்பத்தெட்டு மார்க். வீடு பெருசு. வாசல்ல காரு. மகன் சிங்கப்பூர்ல. போன தடவை போனப்ப சாம்பிராணி போட்டு வீடே கமகமன்னு இருந்துச்சு. கழுத்துல தாலி இருந்துச்சு; வீட்டுக்காரர் வெளிய போயிருக்கார்னு சொன்னாங்க. 'தெய்வ பக்தியுள்ள, வசதியான குடும்பம்'ன்னு எழுதியிருந்தான்.

காரைக் காணோம். மூணு தடவை கூப்பிட்ட பிறகு உள்ளருந்து, "யாரு? இருங்க, கை ஈரம்"னு குரல் வந்துச்சு. கதவு திறந்ததும் முதல்ல வந்தது வாடைதான். மூத்திர வாடை, மருந்து வாடை, ரொம்ப நாளா காத்துப் படாத துணி வாடை.

மாரியாயி அவனைப் பார்த்ததும் ஹாலுக்கு அடுத்த அறைக் கதவைச் சாத்தப் போனாங்க. வீங்குன காலு, வேகமா நடக்க முடியல. அதுக்குள்ள அவன் பார்த்துட்டான். கட்டில்ல ஒருத்தர் சுருண்டு கிடந்தாரு. வாய் ஒரு பக்கம் கோணி, கண்ணு மட்டும் இவனைப் பார்த்துச்சு.

"அவரு... வீட்டுக்காரரு. அஞ்சு வருசமா இப்படித்தான்."

"போன தடவை வெளிய போயிருக்கார்னு சொன்னீங்களே ஆன்டி."

"வீட்டுக்கு வர்ற ஆளுகிட்ட முதல் பேச்சே இதையாய்யா பேசுறது? உள்ள வச்சுக் கதவைச் சாத்திட்டேன். நல்லவேளை, நீங்க இருந்த வரைக்கும் சத்தம் போடல."

காரு பக்கத்துக் கோயில் பூசாரியோடது, நிழலுக்கு நிறுத்துவாராம். சிங்கப்பூர் மகன் போன் பண்ணி நாலு வருசம் ஆச்சு. ரத்தம் கழுவ வாரத்துக்கு ஒரு தடவைதான் போறாங்க. பஸ் பிடிச்சுப் போயி, கழுவிட்டு, தலை சுத்தலோட திரும்பி வந்து அவருக்குத் துணி மாத்தணும். தூக்கிப் படுக்க வைக்க ஆள் இல்ல.

"நான் செத்தா இவரை யாரு பார்க்கிறதுன்னுதான்யா பயம். எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னாங்க. அழல. கையைத் துடைச்சுக்கிட்டே, "மழையில வந்திருக்கீங்க. தே கலக்கட்டா?"ன்னு கேட்டாங்க.

விமலன் வாசல்ல நின்னு ஃபாரத்தைப் பூர்த்தி பண்ணினான். குடும்பத் துணை இல்லை. முழுசா நம்பியிருக்கும் ஆள், ஒருவர். கூட்டிப் பார்த்தான். எழுபத்தி ஏழு. மறுபடியும் கூட்டினான். நடுவுல எங்கயாவது ஒண்ணு ரெண்டு தப்பா இருக்கும்னு தேடினான். எதுக்குத் தேடுறோம்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டான்.

திங்கட்கிழமை டாக்டர் அஞ்சு ஃபாரத்தையும் பார்த்துட்டு மாரியாயி பேர்ல கையெழுத்துப் போட்டாங்க. சென்டர் வேன் செவ்வாய் காலையில ஜெஞ்சாரோம் போகும்னு ஏற்பாடு. மத்தவங்களுக்கு வாட்சப்ல வழக்கமான செய்தி போகும்: உங்கள் விண்ணப்பம் காத்திருப்புப் பட்டியலில் உள்ளது.

"அனுப்பட்டுமா?"ன்னு ஆபீஸ் பொண்ணு கேட்டப்ப, "ரெண்டு பேருக்கு மட்டும் நான் நேர்ல சொல்லிடுறேன்"ன்னான்.

டாக்டர் போன்ல சொன்னாங்க: "விமலன், அந்த அம்மா கடைசியில இருந்தாங்க. நீங்க சோபா தூக்காம இருந்திருந்தா கடைசியிலேயே இருந்திருப்பாங்க. அதை நெனைச்சுக்குங்க."

நெனைச்சான். கூடவே நண்டுக்கறியும் நெனப்புக்கு வந்துச்சு. டாக்டர்கிட்ட அதைச் சொல்லல.

தனலெட்சுமி கதவைத் திறந்ததும் அவன் மூஞ்சியைப் பார்த்தாங்க. கேட்கவே இல்ல. "உள்ள வாங்க தம்பி"ன்னு மட்டும் சொன்னாங்க.

நின்னுக்கிட்டே சொன்னான். "கிடைக்கலக்கா. நீங்க ரெண்டாவது."

"சரி."

"எழுபத்தொண்ணு வந்துச்சு. நான் நீங்கதான்னு நெனைச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனைச்சேன். குளியலறை வரைக்கும் காட்டினேனே." கொஞ்சம் நிறுத்தி, "காத்தூன் அக்காகிட்டகூட சொல்லிட்டேன், வெட்கத்தை விட்டேன், நாற்காலி கிடைக்கும்னு. யாருக்குக் கிடைச்சுது?"ன்னாங்க.

"பேரு சொல்லக்கூடாதுக்கா. வயசானவங்க. ஜெஞ்சாரோம் பக்கம்."

"அவங்க வீட்டுல சோபா இருந்துச்சா?"

"இருந்துச்சு. அவங்களோடதுதான்."

"அப்புறம்? அவங்க எதை ஒளிச்சு வச்சிருந்தாங்க?"

விமலன் தரையைப் பார்த்தான். "வீட்டுக்காரரை. படுத்த படுக்கை. நான் வர்றேன்னு அறையில வச்சுக் கதவைச் சாத்திட்டாங்க."

தனலெட்சுமி அடுப்படி நிலைப்படியில கையை ஊனிக்கிட்டு நின்னாங்க. வாயில இருந்த ஐஸ்கட்டி பல்லுல பட்டு ஒரு சின்னச் சத்தம்.

"அடப் பாவமே"ன்னாங்க. அப்புறம், அவனைப் பார்க்காம, "நான் பெரிய மனசு பண்ணி அவங்களுக்கே கொடுங்கன்னு சொல்ல மாட்டேன் தம்பி. எனக்கும் வேணும். மகளுக்கு அடுத்த வருசம் எஸ்.பி.எம் பரீட்சை. அதுவரைக்குமாவது இருக்கணும்"ன்னாங்க.

"தெரியும்க்கா."

"ரெண்டாவதுன்னா, அடுத்த நாற்காலி எனக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு ஆமா. ஆனா புதுசா யாராவது வந்தா அவங்க வீட்டையும் பார்க்கணும்." சொல்லும்போதே நாக்கு கூசுச்சு. ஆனா இன்னொரு தடவை, 'கவலைப்படாதீங்க'ன்னு ஒரு வார்த்தை விட அவன் தயாரா இல்ல.

"அதுவும் யாராவது சாகணும். அதை எந்தச் சாமிகிட்ட போய் வேண்டுறது?" சிரிச்சாங்க. இந்தத் தடவை இருமல் வரல. "உட்காருங்க. கோப்பி ஓ போடுறேன், பால் இல்ல."

"வேணாம்க்கா, நீங்க குடிக்க முடியாது, நான் மட்டும்..."

"ஆள் குடிக்கிறதைப் பார்த்தாலே எனக்குத் தாகம் கொஞ்சம் அடங்கும். உட்காருங்க தம்பி. இன்னிக்கு சோபா கிடையாது."

அவன் தரையில உட்கார்ந்தான். அலமாரி நின்ன அந்த வெளுத்த சதுரத்துல, செவுத்துல சாஞ்சுக்கிட்டு. மூணு நாளா மோட்டார்ல அலைஞ்ச இடுப்பு அப்பதான் வலிக்க ஆரம்பிச்சுது. கோப்பி எவர்சில்வர் டம்ளர்ல வந்துச்சு, ஓரம் நசுங்கின டம்ளர். சீனி ரொம்பக் கம்மி. கூட ஒண்ணும் இல்ல, முறுக்கு இல்ல, தட்டு இல்ல. தனலெட்சுமி எதிர்ல உட்கார்ந்து அவன் ஒவ்வொரு வாயா குடிக்கிறதைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

சட்டைப் பையில போன் அதிர்ந்துச்சு. எடுத்துப் பார்த்தான். குரு. 'அண்ணே நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்'னு கேட்டிருந்தான், கடைசியில கைகூப்புற படம் ஒண்ணு.

உண்மையை முதல்லயே காட்டினவன். இப்ப நாலு வீட்டோட உண்மையும் வெளிய வந்ததுல மூணாவதா போயிட்டான். அதை அவன்கிட்ட எந்த வார்த்தையில சொல்றது? மேரு ரோட்டுலருந்து பண்டமாரான் இருபது நிமிசம், ஜாம் இருந்தா நாப்பது.

"யாரு தம்பி?"

"இன்னொருத்தர்க்கா. அங்கயும் போகணும்."

"ஆறிடப் போகுது, குடிச்சுட்டுப் போங்க"ன்னாங்க தனலெட்சுமி.

அவன் போனைத் தரையில கவுத்து வச்சான். டம்ளர்ல பாதிக்கு மேல இருந்துச்சு. மெதுவா குடிச்சான்.